ஜவ்வாது மலையும் வாணியம்பாடியும்: பட்டை, தோல், பாலாறு

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் ரயிலில் ஆம்பூரைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு நீண்ட மலைத்தொடர் கூடவே வரும். அதுதான் ஜவ்வாது மலை. பெரும்பாலான பயணிகள் அதைக் கவனிப்பதில்லை. அந்த நேரத்தில் பெட்டிக்குள் பிரியாணிப் பொட்டலங்கள் ஏறிவிடும். 'ஆம்பூர் பிரியாணி உசத்தியா, வாணியம்பாடி பிரியாணி உசத்தியா' என்ற பேச்சும் தொடங்கிவிடும். சீரகச் சம்பா அரிசி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய், தால்சா என்று இரு ஊருக்கும் பொதுவானவைதான் அதிகம். ஆனாலும் அந்த வழக்கு முடிந்தபாடில்லை.

நாம் சொல்ல வந்தது வேறு. வாணியம்பாடி என்ற ஊர், தமிழ்நாட்டு முஸ்லிம்களின் கல்வி வரலாற்றிலும் தொழில் வரலாற்றிலும் தனி அத்தியாயம். 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 95,061. அவ்வளவு பெரிய ஊர் அல்ல. ஆனால் அங்கிருந்து எழுந்த கல்லூரியும் மத்ரஸாக்களும் தமிழகம் முழுவதற்கும் ஆட்களைத் தந்திருக்கின்றன. அந்தக் கல்விக்குப் பணம் எங்கிருந்து வந்தது? தோலிலிருந்து. தோலைப் பதனிடும் சரக்கு எங்கிருந்து வந்தது? அந்த மலையிலிருந்தும் அதன் அடிவாரக் காடுகளிலிருந்தும். தோலைக் கழுவிய தண்ணீர் எங்கே போனது? பாலாற்றுக்கு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊரின் கதை முழுமையாகும். நம்மவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பெருமையாகப் பேசுவார்கள். ஊருக்கு வெளியே இருப்பவர்கள் மூன்றாவதை மட்டும் பேசுவார்கள்.

மலை என்ன தந்தது?

ஜவ்வாது மலை இன்று திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலையாளிகள் என்றழைக்கப்படும் பழங்குடி மக்கள் அங்கு வாழ்கின்றனர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். சாமை விளைவிப்பார்கள். காட்டிலிருந்து தேன், புளி, கடுக்காய் சேகரித்துக் கீழே கொண்டுவந்து விற்பார்கள். ஒரு காலத்தில் சந்தன மரத்துக்கும் இந்த மலை பெயர்பெற்றிருந்தது.

கடுக்காய் நமக்கு வயிற்றுக்கான மருந்தாகத்தான் தெரியும். தோல் வணிகருக்கு அது வேறு பொருள். கடுக்காயிலும், ஆவாரம்பட்டையிலும், கொன்றைப் பட்டையிலும் துவர்ப்புச் சத்து உண்டு. பச்சைத் தோல் இரண்டு நாள் கிடந்தால் அழுகிவிடும். அதே தோலைத் துவர்ப்பேறிய பட்டைநீரில் ஊறவைத்தால், அந்தச் சத்து தோலின் இழைகளோடு பிணைந்துகொள்ளும். பிறகு அழுகாது, தண்ணீரில் நனைந்தாலும் கெடாது. நாட்டு நெல்லிக்காயைக் கடித்ததும் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, ஏறக்குறைய அதே வேலைதான் தோலிலும் நடக்கிறது.

இப்படிப் பதனிட்ட தோலுக்கு உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று பெயர். சுருக்கமாக ஈ.ஐ. தோல். இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. தோலை முதலில் ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடியை நீக்க வேண்டும். உட்புறத்துச் சவ்வைக் கத்தியால் வழிக்க வேண்டும். அதன்பின் பட்டைநீர்க் குழிகளில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும். ஆவாரை வறண்ட நிலத்தில் தானாகவே வளரும் செடி. மலையடிவாரம் முழுக்க அது பூத்துக் கிடக்கும். பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு, ஆற்றுத் தண்ணீர், கூலிக்கு ஆள் என எல்லாமே எட்டும் தூரத்தில் கிடைத்த இடம் இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் ஊர்கள் அமைந்தது தற்செயல் அல்ல.

இன்னொன்றும் சேர்ந்தது. 1856இல் சென்னை ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் தண்டவாளம் வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கும் அப்பாலும் நீண்டது. மாட்டு வண்டியில் பல நாள் போக வேண்டிய சரக்கு ஒரே நாளில் துறைமுகத்தை அடைந்தது. சென்னைப் பெரியமேடு தோல் மண்டிகளின் இடமானதற்கும் இந்த ரயில் பாதைக்கும் தொடர்பு உண்டு. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பின்புறம்தானே பெரியமேடு!

போர்கள் நடந்த வழி

தோலுக்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்குக்கு வரலாறு உண்டு. மைசூர்ப் பீடபூமியிலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் படைகளுக்கு இதுதான் வழி. 1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆம்பூர் அருகே நடந்த போரில் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். சந்தா சாஹிப், முஸஃப்பர் ஜங், பிரெஞ்சுக்காரர்கள் ஆகியோரின் கூட்டுப்படை அவரை வென்றது. அவருடைய மகன் முஹம்மது அலி திருச்சிக்குத் தப்பினார். பள்ளிப் பாடத்தில் 'இரண்டாம் கர்நாடகப் போர்' என்று படிக்கிறோமே, அதன் தொடக்கம் இந்த இடம்தான்.

1767இல் ஹைதர் அலி வாணியம்பாடியையும் திருப்பத்தூரையும் கைப்பற்றி ஆம்பூரை முற்றுகையிட்டார். ஏறத்தாழ ஒரு மாதம் மலைக்கோட்டை பிடிகொடுக்கவில்லை. டிசம்பரில் ஆங்கிலேயர் படை வந்துசேர, வாணியம்பாடி அருகே மோதல் நடந்து ஹைதர் பின்வாங்கினார். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாராமகாலும் ஒன்று. திருப்பத்தூர்ச் சீமை அப்படித்தான் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறையைச் சோதித்துப் பார்த்தது இங்கேதான். திருப்பத்தூர் வட்டம் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது, பிறகு வட ஆற்காட்டுக்கு வந்தது. 2019 நவம்பரில் திருப்பத்தூரே தனி மாவட்டமானது.

"அவங்க உருது பேசுறவங்களா?"

தென் மாவட்டத்துக் குடும்பங்களில் வாணியம்பாடியிலிருந்து ஒரு வரன் வந்தால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டுமொழி தமிழ். வாணியம்பாடியிலோ கடைத்தெருவில் தமிழ், வீட்டுக்குள் உருது.

இதைக் கேட்டதும், 'வடக்கேயிருந்து வந்தவர்கள் போலும்' என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு எளிது அல்ல. நவாபுகளின் படையோடும் நிர்வாகத்தோடும் வந்த தக்னி உருது பேசும் குடும்பங்கள் உண்டு, உண்மைதான். ஆனால் தோல் வணிகத்தில் முன்னின்ற குடும்பங்களில் பல, தமிழ் பேசும் லப்பைச் சமூகத்தைச் சேர்ந்தவை. வட ஆற்காட்டு லப்பைகள் காலப்போக்கில் உருதுவை வீட்டுமொழியாக ஏற்றுக்கொண்டதை வரலாற்று ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். ஆற்காட்டு அவையின் மதிப்பு ஒரு காரணம். மார்க்க நூல்களும் வஅழும் உருதுவில் அதிகம் கிடைத்தது மற்றொன்று. வணிகத்துக்காக வெளிமாகாணங்களில் பழகியதையும் சேர்த்துக்கொள்ளலாம். மொழி ரத்தத்தில் வருவதல்ல, பழக்கத்தில் வருவது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அதனால் தமிழ் அங்கே மெலிந்துவிட்டதா? கவிக்கோ அப்துல் ரகுமானை நினைத்துப் பாருங்கள். 1937இல் மதுரையில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் உருதுக் கவிஞர்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். 1974இல் 'பால்வீதி' வெளிவந்தபோது தமிழ்ப் புதுக்கவிதை உலகமே திரும்பிப் பார்த்தது. 'ஆலாபனை'க்கு 1999இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. உருதுவின் கஸலைத் தமிழில் வளர்த்தவர்களில் முதன்மையானவர். முஷாயிராக்கள் நடக்கும் ஊரில் இருந்துகொண்டு கஸலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. 2017 ஜூன் 2ஆம் நாள் மறைந்த அவரிடம் தமிழ் படித்த மாணவர்கள் இன்றும் அந்த வகுப்புகளைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களில் வீட்டில் உருது பேசியவர்களும் இருந்தார்கள்.

தோல் கட்டிய கல்விக்கூடங்கள்

1901 டிசம்பரில் அகில இந்திய முஹம்மதியக் கல்வி மாநாடு சென்னையில் கூடியது. சர் சையித் அஹ்மத் கான் அலிகரில் தொடங்கிய முயற்சியின் அலை தெற்கே வந்த தருணம் அது. மறு ஆண்டே தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. பின்னாளில் சென்னையில் புதுக்கல்லூரியை நிறுவிய 'மியாசி' அதுதான். வாணியம்பாடி வணிகர்களும் அந்தக் காலத்திலேயே தம் ஊருக்கென்று கல்விச் சங்கம் அமைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினர். 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி தொடங்கியது.

அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். அலிகர் பல்கலைக்கழகமானதே அடுத்த ஆண்டில்தான். புதுக்கல்லூரி வந்தது 1951இல். மாகாணத் தலைநகரிலேயே நம் சமூகத்துக்குச் சொந்தமான கலைக்கல்லூரி இல்லாத காலத்தில், மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் வணிகர்கள் தம் காசில் கல்லூரி எழுப்பினார்கள்.

மார்க்கக் கல்வியிலும் இதே கைகள்தான். வேலூரில் அஃலா ஹழ்ரத் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் இந்த வட்டாரத்தின் தாய் மத்ரஸா. வாணியம்பாடியில் மஅதனுல் உலூம். ஆம்பூரை அடுத்த உமராபாத்தில், தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் சாஹிப் 1924இல் நிறுவிய ஜாமிஆ தாருஸ்ஸலாம். ஊரின் பெயரே அவர் பெயரால் வந்தது. மேல்விஷாரத்தின் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் (மறைவு 1938) அள்ளிக் கொடுத்த கொடைகளும், அவர் பெயரால் 1965இல் எழுந்த கல்லூரியும் எல்லோரும் அறிந்தவை. பாலாற்றங்கரையில் எந்தப் பழைய கல்வி நிறுவனத்தின் அடிக்கல்லைப் பார்த்தாலும் அங்கே ஒரு தோல் வணிகரின் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டத்துக்குப் படித்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். அரசுப் பணி, மருத்துவம், வளைகுடா என்று குடும்பங்கள் பரவின. ஊரில் தங்கியவர்களுக்குத் தோல்தான்.

பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்திறங்கியது. ஆவாரையைவிடத் துவர்ப்புச் சத்து அதிகம், வேலையும் விரைவு. மலையடிவாரத்துப் பட்டைக்கு மவுசு குறைந்தது. 1903 வாக்கிலேயே ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியத்தால் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியிருந்தார். பட்டைக்கு வாரக்கணக்கு ஆகும் வேலை குரோமிய உப்புக்கு ஒரு நாள்! தோலும் மென்மையாக, எந்தச் சாயத்தையும் ஏற்பதாக இருக்கும்.

பெரிய திருப்பம் 1970களில் வந்தது. பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. இங்கே வெறும் தோலைக் கொடுத்துவிட்டு வெளிநாட்டில் செருப்பாகவும் சட்டையாகவும் ஆகும் லாபத்தை ஏன் இழக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நோக்கம் சரியானதே. ஷூ தொழிற்சாலைகள் வந்தன. சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் மேசைகளில் அமர்ந்து மாதச் சம்பளம் வாங்கினார்கள். ஆனால் முழுப் பதனிடுதல் என்றால் தண்ணீரும் ரசாயனமும் பல மடங்கு. அந்தக் கழிவுநீர் ஆற்றிலும் ஏரிகளிலும் திறந்தவெளியிலும் விடப்பட்டது.

குரோமியத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். விவசாயியைக் கேட்டால் 'உப்பு' என்பார். பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்பு போடுவார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அதைக் கழுவுவது. அந்த உப்பு மண்ணில் இறங்கினால் தென்னை காயும், நெல் பொய்க்கும், கிணற்றுநீர் வாயில் வைக்க முடியாதபடி ஆகும். குரோமியத்தைக்கூட ரசாயனம் போட்டுப் படியவைத்துப் பிரித்துவிடலாம். கரைந்த உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மாநிலத்தில் 900 டேனரிகள் அளவுக்கு இயங்குவதாகவும், இந்தப் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதாகவும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற நெறியும், தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுவதும் இன்று படிக்கும் வழக்கு இது. அந்தப் பாடத்தில் நம் ஊர்களின் பெயர் இப்படி இடம்பெறுவது நமக்கு இனிப்பான செய்தி அல்ல.

அப்போது எழுந்த வாதங்கள் நினைவிருக்கிறது. 'ஒரு சமூகத்தின் தொழிலைக் குறிவைக்கிறார்கள்' என்றார்கள் சிலர். நாம் இதை ஏற்கவில்லை. டேனரிகளை முஸ்லிம்கள் மட்டும் நடத்தவில்லை என்பது ஒருபுறமிருக்க, நிலம் இழந்தவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருந்தனர். அந்தக் கிணறுகளின் தண்ணீரைக் குடித்தவர்களில் நாமும் இருந்தோம். சுண்ணாம்புத் தொட்டியில் வெறுங்காலோடு இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் தொழிலாளர்கள். ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று மத்ரஸாவில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாம். ஆறே ஓடாமல் போனதற்கும், ஓடியபோது அதில் என்ன கலந்தது என்பதற்கும் நம் பங்கைப் பேசாமல் இருக்க முடியாது.

அதே நேரத்தில் முழுப் பழியையும் டேனரியின் தலையில் வைப்பதும் கணக்குச் சரியாகாது. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரம் வழியாக வருகிறது. மேலே பேத்தமங்கலம் ஏரியில் தொடங்கிக் குப்பம் பகுதித் தடுப்பணைகள் வரை தண்ணீர் தேக்கப்படுகிறது. 1892 மதராஸ்–மைசூர் ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. எனினும் 2016இல் எல்லையோரப் புல்லூர் தடுப்பணையை ஆந்திரம் உயர்த்தியபோது தகராறு மீண்டும் கிளம்பியது. கீழே மணல் அள்ளியதில் ஆற்றின் வயிறு காலியானது. பாலாறு மேலே வறண்டு தெரிந்தாலும் மணலுக்கடியில் நீர் ஓடும் ஆறு. ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்த ஆறு. மணல் போனால் அந்த நீரைத் தாங்க எதுவும் இல்லை. இன்று வாணியம்பாடி, ஆம்பூர்க் குழாய்களில் வருவது மேட்டூரிலிருந்து கொண்டுவரப்படும் காவிரிக் கூட்டுக் குடிநீர். பாலாற்றங்கரை ஊர் காவிரியைக் குடிக்கிறது.

ஆனால் அந்த ஆறு செத்துவிடவில்லை. 1903 நவம்பரில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டுபோனது. 2021 நவம்பரில் மீண்டும் கரைபுரண்டு ஓடியது. ஆற்றுக்குள் வீடு கட்டியவர்களுக்கு அதுதான் ஆறு என்று அன்று தெரிந்தது.

இப்போது என்ன நடக்கிறது?

1990களில் டேனரிகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தன. வாணியம்பாடியில் வானிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக். பின்னர், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது. சவ்வூடு வடிகட்டி நீரை மீண்டும் எடுத்து, மிஞ்சும் உவர்நீரைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். அந்தக் கலப்பட உப்பை எங்கே கொண்டுபோவது என்பதற்கு இன்னும் நல்ல விடை இல்லை. மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. இந்தச் செலவைச் சிறு டேனரிகள் பலவற்றால் தாங்க முடியவில்லை. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், உப்பு குறைவாகப் போட்டுத் தோலைக் காக்கும் முறைகளையும், தண்ணீர் குறைவாகத் தேவைப்படும் பதனிடும் முறைகளையும் உருவாக்கித் தந்திருக்கிறது. பிரச்சினை, தோல் புறப்படும் இடத்திலேயே, அதாவது நாடெங்கும் உள்ள அறுப்புக்கூடங்களிலும் மண்டிகளிலும் அவை நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே. குர்பானித் தோலுக்கு உப்புப் போடும் நம் மஹல்லாக்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உப்பை அளந்து போடுவதும், வாங்க வந்தவரிடம் தோலைத் தட்டி உதிர்ந்த உப்பைச் சாக்கடையில் தள்ளாமல் சேர்த்து வைப்பதும் நம் கையில் உள்ளவை.

2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு நிலுவையிலுள்ள இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் பாலாற்றுக்கென்று குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். வழக்கு தொடங்கியபோது பள்ளிக்குப் போன பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளை எடுக்கும் வயதை நெருங்குகிறார்கள்.

பெருநாள் விடுமுறையில் வாணியம்பாடிக்குப் போகிறவர்கள் பிரியாணியோடு திரும்பிவிட வேண்டாம். இஸ்லாமியாக் கல்லூரியின் பழைய கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆலங்காயம் சாலையில் போனால் மலை தொடங்கும். அதன் மேல் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. ஆண்டுதோறும் பிறைக்காக நாம் நடத்தும் சர்ச்சைகளுக்கு இவ்வளவு அருகில் இப்படியொரு இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. ஜமுனாமரத்தூர் பக்கம் போனால் சாமையும் மலைத்தேனும் கிடைக்கும். கடுக்காயும் கிடைக்கும். வாணியம்பாடி டேனரிகளுக்கு இறங்கிய சரக்கு அது. இப்போது பெரும்பாலும் நாட்டு மருந்துக் கடைகளுக்குத்தான் போகிறது.